பார்த்தசாரதி பப் பார்த்த லட்சணம்

பார்த்தசாரதியைப் பழனிசாமி முதன்முதலில் பார்த்தது ஒரு பப் வாசலில். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுவரை லீவில் இருந்த டீம் லீட், ஆபீசுக்கு வராமல் நேராகப் பப்புக்கே வந்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மெல்பர்ன் சவுத்பேங்கில் யாரா ஆற்றைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கடைகளில் ஒன்று அது. ஆபீசிலிருந்து ஆறு பேர் பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து போனார்கள். ஆறு முகமும் நம்ம பக்கத்து முகம். வாசலை நெருங்கும்போது ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து, வழுக்கையை மறைக்கத் தொப்பி வைத்த மனிதர் ஒருவர் வெளியே வந்து கையைக் காட்டி மறித்தார்.

"இப்படிக் கூட்டமா வந்தா எப்படி? ரெண்டு ரெண்டு பேரா உள்ள போங்க. நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. உள்ள போய்ச் சேந்துக்கலாம்."

மற்ற ஐந்து பேரும் பழகியவர்கள்போல உடனே கலைந்து, ஒருவன் போனைப் பார்ப்பதுபோலவும் ஒருவன் ஆற்றைப் பார்ப்பதுபோலவும் நின்றுகொண்டார்கள். பத்திரிகை வைக்காத கல்யாணத்தில் பந்திக்கு நுழையப் பார்ப்பவர்கள் நிற்பது இப்படித்தான். சம்பாதிக்கிற காசில் குடிக்க வந்தவர்கள் எதற்காகத் திருடர்களைப்போலப் பதுங்குகிறார்கள் என்று பழனிசாமிக்கு விளங்கவில்லை. அதற்குள் தொப்பிக்காரர் அவன் பக்கம் திரும்பிப் பெயர் கேட்டார்.

"பழனிசாமிங்க சார்."

சோற்றில் கல் கடித்த முகம் அவருக்கு. சார் எல்லாம் இங்கே கிடையாது என்றார். தன்னைப் பேட் என்று கூப்பிட வேண்டும், முழுப்பெயர் பேட்ரிக். பிறகு பழனிசாமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு பால்னு வெச்சுக்கலாம்" என்றார்.

தமிழில் பால் என்றால் என்ன அர்த்தம் என்பது அந்த மனிதருக்கு மறந்து போயிருந்தது. டீமில் யாருக்கும் மறக்கவில்லை. மறுவாரமே பழனிசாமி தேநீர் அறைக்குள் நுழைந்தால், "பால் வந்தாச்சு, டீ போடுங்கப்பா" என்று ஒரு குரல் வரும்.

பேட்ரிக் என்கிற பார்த்தசாரதி நங்கநல்லூர்க்காரர். தாத்தா பி.ஏ., அப்பா வங்கி மேலாளர், அவர் எம்.சி.ஏ. மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கிய குடும்பம். பழனிசாமியின் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. தாராபுரத்துக்குத் தெற்கே, பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அவனுடையது. மூன்று தலைமுறைப் படிப்பு ஒரு மனிதனுக்கு என்ன தரும் என்று தெரிந்துகொள்ள அவன் ஆசையாகத்தான் இருந்தான். தெரிந்துகொண்டான். பப் பார்க்கக் கற்றுத் தருகிறது.

மெல்பர்னில் பதினெட்டு வருஷம் இருந்து பார்த்தசாரதி தேர்ச்சி பெற்றது அந்த ஒரு சாஸ்திரத்தில்தான். ஆற்றங்கரையில் எந்தப் பப் நல்ல பப், எது ஆகாது என்று அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. யார் கேட்டாலும் அனுப்புவார், கேட்காவிட்டாலும் அனுப்புவார். உட்கார்ந்தால் ஆறு தெரிய வேண்டும் என்பார். ஆனால் அவர் உட்காருவது எப்போதும் ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான். தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே. மெனுவில் பாதி வார்த்தை புரியக் கூடாது. தட்டு பெரியதாகவும் அதில் இருப்பது சின்னதாகவும் இருக்க வேண்டும். பியரை மூக்குக்குக் கீழே பிடித்து, ஆரஞ்சுத் தோல் வாசனை வருகிறது என்பார், முகத்தைச் சுளிக்காமல் பாதிவரை குடிப்பார், மீதியை மேசையில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். அவருக்குப் பியரே பிடிக்காது. ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் எதிர்பாராமல் பழனிசாமி பார்த்துவிட்டான். பப்புக்குப் போகுமுன் காருக்குள் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த தயிர் சாதத்தை நார்த்தங்காயோடு அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனிதன் தயிர் சாதம் சாப்பிடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. அவனைக் கண்டதும் டப்பாவைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார் பாருங்கள், அதுதான் கேவலம்.

இவையெல்லாம் மேல்பூச்சு. சாஸ்திரத்தின் மூல விதி ஒன்றே ஒன்று. நம்ம ஆளுங்க இருக்கக் கூடாது.

கடைக்குள் நுழைந்ததும் அவர் பார்ப்பது கூரையையோ குழாய்களையோ அல்ல, தலைகளை. ஒரு மேசையில் கறுப்புத் தலைகள் என்றால் பொறுத்துக்கொள்வார். இரண்டு மேசை என்றால், "இடம் கெட்டுப்போச்சு" என்று திரும்பிவிடுவார். பட்டியலிலிருந்தும் அந்தப் பெயரை அடித்துவிடுவார். அப்படியென்றால் அவர் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு நுழைகிற நிமிஷமே எந்தக் கடையும் கெட்ட கடைதானே என்று பழனிசாமி பக்கத்து இருக்கைத் தர்ஷனாவிடம் கேட்டான். தர்ஷனா யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவள், சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்ப்பவள், அந்த டீமில் அவரைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள்.

"அதை நீங்க அவரிட்டயே கேக்கலாமே, பால்" என்றாள். கேட்கிற நிலையில் அவன் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அவனுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடிவதற்குள் டீம் லீட் ஓர் அறிக்கை எழுத வேண்டும். வேலைத்திறன், நேரந்தவறாமை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசிக் கட்டத்தின் பெயர் 'டீம் ஃபிட்', ஆள் குழுவோடு ஒட்டுகிறானா என்பது. மற்றதெல்லாம் கணினியிலேயே பதிவாகியிருப்பதால் மாற்ற முடியாது. இந்த ஒன்று மட்டும் லீடின் வாய்ச்சொல். அதில் அவர் இல்லை என்று எழுதினால் வேலை இல்லை. வேலைதான் அவனுடைய விசா. போனால் சில வாரங்களுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும்.

ஐந்தாவது மாதம் முடிந்த வாரத்தில் பார்த்தசாரதி அவனைத் தனியே அழைத்தார். கிளையின் புதிய தலைவியாக லிண்டா என்ற அம்மாள், இரண்டு மணி நேரத் தூரத்து ஊரான பெண்டிகோவிலிருந்து வருகிறார். வரவேற்பு அடுத்த வார வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு பேர். அதற்குள் பழனிசாமி இரண்டு காரியம் முடிக்க வேண்டும். ஆற்றங்கரைப் பக்கம் மூன்று நல்ல பப்புகளைப் பார்த்து எழுதித் தர வேண்டும், அவருக்கு நேரமில்லை. இரண்டாவது, ஈமெயிலில் இருக்கிற பெயரைப் பால் என்று மாற்றிவிட வேண்டும்.

"லிண்டா வாயில நுழையாத பேரை வெச்சுக்கிட்டு டீம் ஃபிட் எப்படிப் போட முடியும், நீயே சொல்லு. ரெண்டையும் முடி. கன்ஃபர்மேஷன் தானா வரும்."

பழனிசாமி சரிங்க என்று வந்துவிட்டான். அன்று மாலை ஈமெயில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஊரில் முதன்முதலாக ஒரு பட்டச் சான்றிதழில் அச்சான பெயர் அது. தபால்காரர் அந்தக் கவரை அவன் கையில் உடனே கொடுக்காமல், எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். மாற்று என்பதை அழுத்தவில்லை. வெள்ளிக்கிழமை வரை இருக்கிறதே என்று மூடி வைத்தான்.

பப் வேலையை ஒழுங்காகச் செய்தான். நான்கு நாள் மதிய இடைவேளையில் ஆற்றோரம் முழுக்க நடந்தான். பார்த்தசாரதியின் பட்டியலில் இருந்த கடைகளைப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. வெளியே செடி, உள்ளே இருட்டு, கழிவறையில் சோப்பு இல்லை. மேசையைத் துடைக்கிற துணியை முகர்ந்தாலே அடுக்களை தெரிந்துவிடும். சாப்பாட்டுக் கடை பார்க்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: போர்டைப் பார்க்காதே, வாசலில் லாரி நிற்கிறதா பார். இங்கே லாரி இல்லை. ஆரஞ்சுச் சட்டை போட்ட கட்டட வேலைக்காரர்கள் இருந்தார்கள். மதியம் அவர்கள் ஆற்றை விட்டு விலகி எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து, பின்னாலேயே போனான்.

இரண்டு தெரு தள்ளி, முனையில், இடுப்புயரத்துக்குப் பச்சை ஓடு பதித்த செங்கல் கட்டடம். கவுன்டரில் மூன்று கிழவர்கள், ஆளுக்கொரு முக்காலி. நான்காவது முக்காலி காலியாக இருந்தும் புதிதாக வந்தவர்கள் யாரும் அதில் உட்காரவில்லை, அதற்கு உரியவன் வர நேரமாகும்போல. கேட்காமலே எடுத்துக் குடிக்கத் தண்ணீர்க் கூஜாவும் கண்ணாடித் தம்ளர்களும். சாக்பீஸில் எழுதிய நான்கே நான்கு பதார்த்தம். பழனிசாமி சிக்கன் பார்மா வாங்கினான். ரொட்டித்தூளில் பொரித்த கோழி, தட்டை நிறைத்து, மேலே பாலாடைக்கட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருக்க வந்தது. சாப்பிட்டு முடிக்கும்போது சமையற்காரர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் சிறிதரன், சாவகச்சேரிக்காரர்.

"தம்பி தமிழோ?"

ஆமாங்க என்றான். பெயர் கேட்டார். ஐந்து மாதப் பயம், வாய் தானாகப் பால் என்றது.

"பாலோ? பசும்பாலோ, டின்பாலோ?"

மூன்று கிழவர்களுக்கும் ஒன்றும் புரியாவிட்டாலும் சிறிதரனின் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். பழனிசாமியும் சிரித்தான், ஆனால் காது சுட்டது. உண்மைப் பெயரைச் சொன்னான். ஓம், அது பெயர், என்றார் சிறிதரன், மற்றது விலைப்பட்டியலில் வருகிற சரக்கு. பின்கட்டில் நீள மேசை இருக்கிறது, வெள்ளிக்கிழமையானாலும் புக்கிங் கிடையாது, ஆட்களோடு வருவதென்றால் தனக்கொரு போன் அடித்தால் போதும் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பழனிசாமி எழுதிக் கொடுத்த தாளில் அந்தப் பப்தான் முதலில் இருந்தது. பார்த்தசாரதி புதன்கிழமை மதியம் அவனோடு வந்து பார்த்தார். உள்ளே நுழையவில்லை. ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டினார். ஒரு பஞ்சாபி டாக்சிக்காரரும் அவர் நண்பரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மேசையில் தமிழ்க் குடும்பம் ஒன்று. சிறிதரன் தட்டோடு வந்தார். பார்த்தசாரதி எண்ணி முடித்துவிட்டார்.

"ஏன்டா, பெண்டிகோலருந்து வர்ற லேடியக் கூட்டிட்டு வந்து மெஸ்ஸுல உக்கார வெக்கச் சொல்றியா?"

தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரையில் தனக்குப் பிடித்த கண்ணாடிக் கடைக்கு அவரே போனில் முன்பதிவு செய்தார். அதென்ன போனில் என்றால், இணையத்தில் செய்தால் குடும்பப் பெயரும் கேட்கும். போனில் பேட்ரிக் என்றால் போதும். பன்னிரண்டு பேர், ஐந்தரை மணி, ஜன்னலோர மேசை. பழனிசாமியின் எதிரிலேயே பேசினார். பேசும்போது நாக்கை மடித்து, மூக்கால் ஒரு மாதிரி பேசினார். அந்தக் குரலுக்கு நங்கநல்லூரில் பேய் ஓட்டியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை லிண்டா வந்தார். ஐம்பத்தைந்து வயது, தட்டைச் செருப்பு, உரத்த குரல். எல்லாரோடும் சேர்ந்தே நடந்தார். வாசல் நெருங்கியதும் பார்த்தசாரதி நடையைத் தளர்த்தினார். பழக்க தோஷம் விடுமா. இரண்டிரண்டு பேராகப் போகலாம் என்று சன்னமாகச் சொல்லிப் பார்த்தார். லிண்டாவின் காதில் விழுந்துவிட்டது. எதற்கு என்று கேட்டார். இங்கே அதுதான் வழக்கம் என்றார் பார்த்தசாரதி. இதே விக்டோரியா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த அந்த அம்மாள், அப்படி ஒரு வழக்கத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லையே என்று சொல்லிவிட்டு நேராக வாசலுக்குப் போனார். பதினோரு பேரும் பின்னால் போனார்கள்.

வாசலில் கையில் பலகைக் கணினியோடு ஒரு பெண், பக்கத்தில் கதவளவு அகலத்தில் ஒரு காவலாள். பார்த்தசாரதி முன்னால் வந்து பேட்ரிக், பன்னிரண்டு பேர் என்றார். அந்தப் பெண் பார்த்துவிட்டு, பேட்ரிக் பன்னிரண்டு பேரோடு ஏற்கெனவே வந்துவிட்டாரே என்றாள். கண்ணாடிக்குள்ளே ஜன்னலோர மேசையில் உண்மையாகவே ஒரு பேட்ரிக், செம்பட்டைத் தாடியோடு, கால்பந்துக் குழுவோடு உட்கார்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரே பெயர், ஒரே எண்ணிக்கை, ஒரே நேரம். இரண்டு அழைப்பையும் ஒன்றென்று நினைத்துக் கடைக்காரர்கள் ஒரே வரியில் போட்டுவிட்டிருந்தார்கள்.

நான்தான் பேட்ரிக் என்றார் பார்த்தசாரதி. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். அவருக்கு வைத்துக்கொள்ளத் தோன்றியது பேட்ரிக் மட்டும்தான், மிச்சத்தை யோசிக்கவில்லை. காவலாள் அலுப்போடு லைசென்ஸைக் கேட்டார். பார்த்தசாரதி கொடுத்தார். காவலாள் உதட்டை அசைத்துப் படிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்தி, திருப்பி நீட்டினார்.

"இதில் பேட்ரிக் எங்கேயும் இல்லையே, நண்பரே."

லிண்டா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி அட்டையைப் பார்த்தார். பார்-த்த-சா-ர-தி என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, அப்படியானால் பேட்ரிக் யார் என்று கேட்டார். கிண்டலில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செல்லப் பெயர் என்றார் பார்த்தசாரதி. யார் வைத்த செல்லம் என்று டீமில் எல்லாருக்கும் தெரியும். ஆற்றிலிருந்து குளிர்காற்று அடித்தது. லிண்டா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அருகில் நின்றவனிடம் திரும்பினார்.

"நீங்கள் பால், இல்லையா? அவர் அப்படித்தான் சொன்னார்."

பார்த்தசாரதி லைசென்ஸைப் பையில் வைத்தபடி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'டீம் ஃபிட்' கட்டம் தெளிவாகத் தெரிந்தது. தலையை ஆட்டினால் போதும், இந்த ஒரு நிமிஷம் இருவருக்கும் சேர்த்துக் கடந்துவிடும்.

"இல்லை. என் பெயர் பழனிசாமி."

லிண்டா சொல்லிப் பார்த்தார். பலனிசாமி என்று வந்தது. சரியா என்றார். போதும், சென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றான் பழனிசாமி. தர்ஷனா சிரிப்பை அடக்க ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவன் எல்லார் முன்னாலும் போனை எடுத்துச் சிறிதரனைக் கூப்பிட்டு, பன்னிரண்டு பேர், பழனிசாமி பேசுகிறேன் என்றான்.

"ஆர்? பசும்பாலோ?" என்று கேட்டது போன். "வாங்கோ, வாங்கோ."

பின்கட்டு மேசை தயாராக இருந்தது. லிண்டா மட்டும் உடனே பின்கட்டுக்கு வரவில்லை. முன்னாலேயே நின்று, மூன்று கிழவர்களோடு பெண்டிகோக் கால்பந்தைப் பற்றி பத்து நிமிஷம் வாயாடிவிட்டு வந்தார். பார்மாவை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பார்த்தசாரதி முதல் கால்மணி நேரம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கோப்பை வந்ததும் தலை நிமிர்ந்தது. இந்த மாதிரிச் சமயத்துக்கென்று தான் எப்போதும் ஒரு பழைய பப்பைக் கைவசம் வைத்திருப்பதாக லிண்டாவிடம் விளக்கத் தொடங்கினார். மனிதனுக்கு வெட்கம் கால்மணி நேரம்தான் நிற்கும் என்று அன்றைக்குப் பழனிசாமி கண்டுகொண்டான்.

திரும்பி டிராமுக்கு நடக்கையில் தர்ஷனா தான் கேள்விப்பட்ட ஒன்றைச் சொன்னாள். பார்த்தசாரதி வந்த புதிதில் ஐந்து நண்பர்களோடு பிறந்தநாள் கொண்டாட இதே கரையில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். இன்றைக்கு உள்ளே தனி நிகழ்ச்சி என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று உள்ளே போவதை ஆறு பேரும் நின்று பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இந்த இரண்டிரண்டு பேர். பழனிசாமிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஒரு டிராம் நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம்வரை இருந்தது. வாசலில் நிறுத்தியவன்மேல் வரவேண்டிய கோபத்தை, கூட நின்ற ஐந்து பேர்மேல் திருப்பிக்கொண்டவனுக்கு அதற்குமேல் இரங்க அவனால் முடியவில்லை.

திங்கட்கிழமை அறிக்கை போனது. வேலைத்திறன் நன்று, நேரந்தவறாமை நன்று. டீம் ஃபிட்: போதாது; குழுவோடு கலப்பதில்லை; இடமறிந்து நடப்பதில்லை; வேலையை உறுதிசெய்யப் பரிந்துரைக்க இயலவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் லிண்டா. அவர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் காற்றில் நின்றபோது போன் செய்தது யார் என்று பார்த்தசாரதியிடம் கேட்டார். அவர் சுற்றி வளைத்தார். பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார் லிண்டா.

பால் என்று தொடங்கி நிறுத்தினார். "பழனிசாமி" என்றார். ழகரம் சுத்தமாக வந்தது. பதினெட்டு வருஷம் ஒளித்து வைத்தும் துருப்பிடிக்கவில்லை.

"மொத்தக் குழுவையும் உட்கார வைத்தவர் குழுவோடு கலப்பதில்லை என்று நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் லிண்டா. கடைசி வரிகளை அடித்துவிட்டுக் கீழே தன் பெயரைப் போட்டார்.

வெளியே வந்ததும் நடைவழியில் பார்த்தசாரதி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரிய ஆளாயிட்ட, பால்."

"பழனிசாமிங்க சார்" என்றான் பழனிசாமி.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பழனிசாமி அதே ஆபீசில் வேறு டீமில் இருக்கிறான், கிரெய்கிபர்னில் வாடகைக்கு வீடு, ஈமெயிலில் முழுப்பெயர். வியாழக்கிழமை மதியங்களில் பச்சை ஓட்டுப் பப்பில் சாப்பிடுகிறான். பார்த்தசாரதி பாயிண்ட் குக்கில் குடும்பத்தோடு இருக்கிறார், இன்னும் அதே டீமின் லீட், வெள்ளிக்கிழமைகளில் இன்னும் ஆற்றங்கரைக்குத்தான் போகிறார். இப்போது இணையத்திலேயே முன்பதிவு செய்கிறார். குடும்பப் பெயர்க் கட்டத்தில் பார்க்கர் என்று போடுகிறார்.